அழகர்மலைக் குரங்கிடம் முறைப்படி பறிகொடுப்பது எப்படி?

போன மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்குப் பெங்களூரிலிருந்து என் அக்கா மகன் போன் செய்தான். குரலில் பதற்றம்.

"மாமா, கோட்டைக்குள்ள ராட்சதக் குரங்கு புகுந்துருச்சு. சோறு, துணி, நகை, ஒண்ணு விடாம தூக்கிட்டு ஓடுது. என்ன செய்யட்டும்?"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "எந்தக் கோட்டைடா?"

கணினியில் கட்டிய கோட்டையாம். விளையாட்டின் பெயர் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ். அமெரிக்காவில் டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006-இல் வெளியிட்டது. குள்ளர் கூட்டம் ஒன்றைக் கூட்டிப்போய் மலையைக் குடைந்து கோட்டை கட்டி, அவர்களுக்குச் சோறும் சாராயமும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் இதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது என்றால் சும்மா இல்லை. இதில் வரும் விலங்குகளில் பலவற்றுக்கும் ஒரு ராட்சத வடிவம் உண்டு. குரங்குகளும், நியூசிலாந்து மலைக்கிளியான கியாவும் திருட்டுக்கென்றே வரும். கொல்லனின் இரும்புப் பட்டடையையே அந்தக் கிளி தூக்கிக்கொண்டு பறந்துவிடும் என்று ஆடுகிறவர்கள் புலம்புகிறார்கள். தோற்பதே சுகம் என்பதுதான் இந்த ஆட்டக்காரர்களின் தாரக மந்திரமாம்.

"நீயெல்லாம் மதுரைக்காரனாடா? உனக்குக் காது குத்துன அன்னைக்கே அழகர்கோயில்ல ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் உன் புதுத் தொப்பியையும் குரங்கு தூக்கிட்டுப் போச்சே, மறந்துருச்சா?" என்றேன்.

அவனுக்காக எழுத ஆரம்பித்த குறிப்புகள் இவை. பார்க்கப்போனால் எல்லோருக்கும் பயன்படும் போலிருக்கிறது. மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டரில் இருக்கும் அழகர்கோயிலும் ஒரு கோட்டைதான். வெளிக்கோட்டை, உட்கோட்டை என்று மதில்கள் உண்டு. பகைவரை மனதில் வைத்து எழுப்பிய மதில்கள் அவை. இன்று அவற்றின் மேல் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை மனதில் வைத்து எழுப்பியவை அல்ல.

தேவையான பொருட்கள்

சரசரக்கும் கவர்: ஒன்று. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கிடைக்கவில்லையென்றால் மஞ்சப்பையும் ஆகும். இந்த விஷயத்தில் குரங்குக்குச் சூழலியல் கொள்கை எதுவும் கிடையாது.

வாழைப்பழம்: ஒரு சீப்பு. கையில் தொங்கவிட்டுக்கொள்வது உத்தமம்.

அழகர்கோயில் தோசை: இரண்டு. உளுந்தும் மிளகும் சீரகமும் நெய்யுமாக மொத்தமாக இருக்கும் பிரசாதத் தோசை. இதன் மணம் நாலு மரம் தாண்டிப் போகும்.

தோள்பை: ஒன்று. ஜிப் பாதி திறந்திருக்க வேண்டும்.

மூக்குக்கண்ணாடி: ஒன்று. பவர் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது.

சிரித்த முகம்: தேவையான அளவு.

செய்முறை

1. முதலில் கவரைச் சரசரக்க வையுங்கள். கோயில் மணி மனிதனுக்கு எப்படியோ, கவர்ச் சத்தம் குரங்குக்கு அப்படி. இந்த மலையில் பிறந்த குட்டிக்குத் தாய்ப்பாலுக்கு அடுத்துத் தெரிவது இந்தச் சத்தம். பழம் வாங்கி, கடையிலேயே பையின் அடியில் வைத்து மூடிக்கொண்டு போகிறவர்கள் இந்த வழிகாட்டியைப் படிக்கத் தகுதியில்லாதவர்கள்.

2. வந்திருப்பவரை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். நம் பகுதியில் வாழும் நாட்டுக் குரங்குக்குக் குல்லாய்க் குரங்கு என்றும் பெயர். உச்சந்தலை மயிர் வகிடு பிரிந்து தொப்பி வைத்தாற்போல இருக்கும். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். பெண்ணுக்கு மந்தி என்று பெயர். குரங்கு, முசு, ஊகம் மூன்றுக்குமே பெண்பெயர் அதுதான் என்று தொல்காப்பிய மரபியல் கணக்கு வைத்திருக்கிறது. ஆணுக்குக் கடுவன். நன்றாக வளர்ந்த கடுவன் ஆறேழு கிலோ இருக்கும். இந்த எடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

3. கண்ணோடு கண் நோக்கி, பல் தெரியச் சிரித்து, செல்போனை நீட்டுங்கள். இதைவிடச் சிறந்த அழைப்பு கிடையாது. குரங்கு மொழியில் உற்றுப் பார்ப்பது சண்டைக்கு இழுப்பது. பல்லைக் காட்டுவதற்குப் பயம் என்றோ பகை என்றோ பொருள் வருமே ஒழிய, "சௌக்கியமா?" என்று பொருள் வராது. ஆக, ஒரே சமயத்தில் சண்டைக்கும் இழுத்துப் பயந்ததாகவும் காட்டி, கையில் ஒரு பொருளையும் நீட்டுகிறீர்கள். எதிரில் இருப்பவர் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார் என்றால் அது அவருடைய பெருந்தன்மை.

4. ஜிப்பைப் பாதியில் நிறுத்துங்கள். முழுக்கத் திறந்திருந்தால் குரங்குக்குச் சுவாரசியம் குறைந்துவிடும். முழுக்க மூடியிருந்தால் உங்களுக்கு. என் அக்கா மகனின் விளையாட்டில் இதற்கு ஈடாக ஒரு சங்கதி உண்டு. கோட்டைக் கதவு எவ்வளவு கனமானதாக இருந்தாலும் நிலையில் ஏதாவது ஒரு பொருள் கிடந்தால் மூடாது. குள்ளன் ஒருவன் கழற்றிப் போட்ட காலுறை போதும். ராஜ்ஜியமே திறந்து கிடக்கும். இதைக் கேட்டபோது, இந்த விளையாட்டை உண்டாக்கியவர்கள் அழகர்கோயில் பேருந்தில் வந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது.

5. போனதைத் துரத்துங்கள். அவசியம் துரத்த வேண்டும். இல்லையென்றால் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு என்ன கிடைக்கும்? துரத்தும்போது ஒன்றைக் கவனிக்கலாம். குரங்கு தின்பதில்லை, அடைக்கிறது. கன்னத்தின் இரு பக்கமும் அதற்குப் பை இருக்கிறது. ஏறக்குறைய வயிறு கொள்ளுமளவு அதிலும் கொள்ளும். கூட்டத்தில் பெரியவன் பிடுங்குவதற்குள் கிடைத்ததை அடக்கிக்கொண்டு, மரத்தில் ஏறி ஆற அமரச் சாப்பிட இயற்கை கொடுத்த ஏற்பாடு. ஆகவே முப்பதடி ஓடி மூச்சிரைத்து நிமிர்ந்து பார்க்கும்போது உங்கள் தோசை கண்ணெதிரேதான் இருக்கும். கன்னத்துக்குள்.

6. நூபுர கங்கையில் நீராடும்போது துணிப்பையைக் கரையில் தனியே விடுங்கள். மேலே ராக்காயி அம்மன் சந்நிதியில் கொட்டும் அந்தத் தண்ணீர்தான் அழகருக்குத் திருமஞ்சனத்துக்குப் போகிறது. பாவம் கரைவதற்காக அங்கே நிற்கிறீர்கள். கூடவே பழம், பிஸ்கட், மாற்றுச் சட்டை எல்லாம் கரைந்தால் கணக்கு நேராகிவிடும்.

7. வண்டியை மரத்தடியில் நிறுத்துங்கள். டேங்க் கவரில் கடலைமிட்டாய் வைத்திருந்தால் அதன் ஜிப்பைத் திறக்கும் கலையைப் பார்க்கலாம். வைக்காவிட்டாலும் பரவாயில்லை, கண்ணாடியில் முகம் பார்த்து, உள்ளே இருப்பவனோடு சண்டை போட்டு, கண்ணாடியைத் திருகி வைத்துவிட்டுப் போகும்.

8. கடைசிப் படி, கதை சொல்வது. மலையடிவாரத்தில் அது ஆறேழு கிலோக் கடுவன். அப்பன்திருப்பதி தாண்டும்போது நாய் உயரம் ஆகியிருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் கன்றுக்குட்டி. மறுநாள் அலுவலகத்தில், "ராட்சதக் குரங்குங்க, நான் கொஞ்சம் அசந்திருந்தா..." என்று ஆரம்பிப்பீர்கள். கணினி விளையாட்டில் ராட்சதக் குரங்கை உண்டாக்க நிரல் எழுத வேண்டும். நமக்கு ஒரு டீயும் கேட்க நாலு பேரும் போதும்.

சந்தேகங்களும் விளக்கங்களும்

குல்லாய் வியாபாரி கதையில் வருவது போல நாமும் ஒன்றைத் தூக்கி எறிந்தால் திருப்பித் தராதா?

அந்தக் கதை பழசாகிவிட்டது. பாலித் தீவில் உலுவத்து கோயிலில் நீண்டவால் குரங்குகள் கண்ணாடி, தொப்பி, செல்போன் என்று பறித்துக்கொண்டு, தின்ன ஏதாவது கொடுத்தால்தான் திருப்பித் தருகின்றன. 2021-இல் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்கள். வளர்ந்த குரங்குகளுக்கு மனிதன் எதை அதிகம் மதிக்கிறான் என்பது தெரிந்திருக்கிறது. விலையுள்ள பொருளாகப் பார்த்து எடுக்கின்றன. குட்டிகளுக்கு அந்த விவரம் இல்லை, வயதாக ஆகத்தான் பழகுகின்றன. அதாவது அடகுக்கடைத் தொழிலை அங்கே தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொள்கிறார்கள். அழகர்மலையில் இன்னும் அந்த அளவுக்கு வியாபாரம் வளரவில்லை. வளர்க்க வேண்டுமென்றால், கண்ணாடியை மீட்க உடனே ஒரு பழத்தை எறியுங்கள். ஒருமுறை எறிந்தால் அது பழம். பத்துப் பேர் எறிந்தால் அது சம்பளம்.

பழமுதிர்ச்சோலையில் முருகன் இருக்கும்போது இப்படி நடக்கலாமா?

அவர்தானே ஆரம்பித்து வைத்தார். நாவல் மரத்தில் மாடு மேய்க்கும் பையனாக உட்கார்ந்துகொண்டு, சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று ஔவையைக் கேட்டது இந்தச் சோலையில்தான் என்பார்கள். மண்ணில் விழுந்ததை ஊதிச் சாப்பிட்ட பாட்டிக்கு அதன் பொருள் புரிந்தது. இன்றைக்கு மரத்தில் இருப்பவருக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. அவரிடம் இருப்பது எல்லாமே சுட்ட பழம்.

பெருமாளிடம் முறையிடலாமா?

பெருமாளின் பெயர் கள்ளழகர். இந்தத் தலத்துப் பெருமானை நம்மாழ்வாரே கள்வன் என்றுதான் பாடியிருக்கிறார். வந்தவர் ஆழ்வாரின் நெஞ்சையும் உயிரையும் எடுத்துக்கொண்டாராம். முறையீடு எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் காவலுக்கு யார்?

பதினெட்டாம்படிக் கருப்பர். உருவம் கிடையாது, சந்தனம் பூசிய கதவுகள்தான் சந்நிதி. அழகரின் ஆற்றலைக் கவர்ந்து போக மலையாள தேசத்திலிருந்து மந்திரவாதிகள் பதினெட்டுப் பேர் கண்ணுக்குத் தெரியாமல் வந்தார்கள் என்றும், பிடிபட்டுப் படிகளின் கீழே புதைக்கப்பட்டார்கள் என்றும், அவர்களோடு வந்த கருப்பர் இங்கேயே காவலுக்கு நின்றுவிட்டார் என்றும் கதை. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை புறப்படும்போது அழகரே இந்தக் கதவின் முன் நின்று விடைபெற்றுத்தான் போகிறார். திருட வந்த கூட்டத்தோடு வந்தவரையே காவலாக்கிக்கொண்ட ஊர் இது. கருப்பர் பொய் சொன்னவனைக் கேட்பார், கணக்கில் ஏய்த்தவனைக் கேட்பார். வாழைப்பழத்தைத் தொங்கவிட்டு வந்தவனுக்காக எழுந்து வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

விலங்கு உண்மையிலேயே ராட்சதமாக இருந்தால்?

மதுரைக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. திருவிளையாடற் புராணப்படி இந்த ஊர் மேல் மந்திரத்தால் ஏவப்பட்ட யானை வந்தது, நாகம் வந்தது, மாயப் பசு வந்தது. மூன்றும் மலையாயின: ஆனைமலை, நாகமலை, பசுமலை. ஒத்தக்கடையில் பேருந்தை விட்டு இறங்கினால் படுத்திருக்கும் யானையை இன்றும் பார்க்கலாம். அதன் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்த கணக்கு கி.பி. 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. கல்லாக்கிவிட்டால் பிறகு தொல்லை இல்லை என்பது பாண்டிய நாட்டுப் பாதுகாப்புக் கொள்கை. கொள்கையில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. மேலூர்ப் பக்கத்தில் கிரானைட்டுக்காக வெட்டி மலைகளே காணாமல் போனதை விசாரிக்க 2014-இல் உயர்நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமிக்க வேண்டி வந்தது. அது குரங்கின் வேலை இல்லை.

மந்திர யானையை விடுங்கள், நிஜ யானை?

அரிசிக்கொம்பன் வந்தானே. மலையாளத்தில் அரிக்கொம்பன். இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைச் சுவரை உடைத்து அரிசி தின்று பெயர் வாங்கியவன். 2023 ஏப்ரல் 29-இல் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27-இல் மலையிறங்கி, முன்பு மதுரை மாவட்டத்தில் இருந்த கம்பம் நகரத் தெருக்களில் ஓடினான்; 144 தடை உத்தரவு போட்டார்கள். ஜூன் 5-இல் மறுபடி மயக்க ஊசி. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு போனார்கள். அவனை எங்கே விடுவது என்ற வழக்கு மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை வந்தது. இந்த விஷயத்தில் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கம்பத்தில் ஓர் உயிர் போயிற்று. ஒன்றை மட்டும் சொல்லலாம். காட்டில் பிறந்த யானைக்கு அரிசிச் சாக்கு எங்கே இருக்கும் என்று தெரியாது. யானை நடந்த வழியில் குடியிருப்பும் கடையும் வைத்தவர்கள் தெரியப்படுத்தினார்கள்.

குரங்குகளையும் பிடித்துத் தொலைவில் விட்டுவிட்டால்?

விடலாம். வனத்துறை அனுமதியோடு கூண்டு வைத்துப் பிடிப்பதும் அவ்வப்போது நடக்கிறதுதான். தின்பண்டம் கிடைக்கும் இடம் அப்படியே இருந்தால், காலியான இடத்துக்கு அடுத்த கூட்டம் வரும். பிடித்துப் போன கூட்டமோ இறக்கிவிட்ட காட்டோரம் இருக்கும் ஊரில் கவர்ச் சத்தம் கேட்கும் வரை காத்திருக்கும். வாடகை வீட்டில் ஆள் மாற்றுவது போன்ற ஏற்பாடு.

கடித்துவிட்டால்?

இங்கே வேடிக்கையை நிறுத்திக்கொள்வோம். கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட ஆரம்பித்து, தவணைகளை முழுதாக முடியுங்கள். கோயில் குரங்கு, சாமிக் குரங்கு, ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பறிகொடுக்க விரும்பாதவர்களுக்கு

இந்த வகையினரும் சிலர் இருக்கிறார்கள் என்பதால் ஒரு பத்தி. அடிவாரத்தில் கொய்யாக்காய் விற்கும் அம்மா ஒருவர் எனக்குச் சொன்னது இது: "தம்பி, பைய நெஞ்சோட அணைச்சுக்கங்க. கையில குச்சி ஒண்ணு வச்சுக்கங்க, அடிக்க வேணாம், சும்மா இருந்தாப் போதும். ஓடாதீங்க. நீங்களா ஒண்ணும் போட்டுப் பழக்காதீங்க. நேத்து ஒருத்தரு போட்டாரு, இன்னைக்கு ஒங்ககிட்ட கேக்குது." கொய்யாக்காய்த் தட்டின் மேல் அவர் வலை போட்டிருந்தார். மடியில் கவண்வில் இருந்தது. அதில் கல் வைத்து நான் பார்த்ததில்லை. கவணைப் பார்த்ததுமே குரங்குகள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டன.

புண்ணியம் என்று நினைத்துத்தான் போடுகிறோம். சனிக்கிழமை, ஆஞ்சநேயர், நேர்த்திக்கடன். ஒருவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் முதல் பழம் மேலிருந்து பறிக்கப்பட்டதல்ல, கீழிருந்து நீட்டப்பட்டது. நீட்டிய கைகள் பெருகியபோது அது வழக்கமாயிற்று. நீட்டாத கையிலிருந்தும் குரங்கு எடுத்தபோது அதற்குத் திருட்டு என்று பெயர் வைத்தோம்.

இரண்டு நாள் கழித்து அக்கா மகன் மறுபடி கூப்பிட்டான். கோட்டையைச் சுற்றி மூன்று மதில் எழுப்பினானாம், வாசலில் கூண்டுப் பொறி வைத்தானாம், வில்லாளிகளை நிறுத்தினானாம். அப்படியும் குரங்கு வந்திருக்கிறது. கடைசியில் பார்த்தால் கிழக்குக் கதவின் நிலையில் ஒரு காலுறை.

"எடுத்துட்டேன் மாமா. கதவு மூடிருச்சு."

அழகர்மலைக்குப் போகிறவர்களுக்கும் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. ஜிப்பை முழுதாக இழுத்து மூடுங்கள். எதையும் போடாதீர்கள். மலையில் அத்தி இருக்கிறது, ஆல் இருக்கிறது, நாவல் இருக்கிறது. அவை பழுக்கும் காலம் குரங்குகளுக்குத் தெரியும்.